முத்தரசி விட்ட கேட்ச்

தோற்ற ஆட்டத்துக்கு மூன்றாம் நாள் காலை, மாவட்டப் பெண்கள் அணியின் விக்கெட் கீப்பர் முத்தரசி கையுறைகளோடு ஜெசிந்தாவின் முன் வந்து நின்றாள். ஜெசிந்தா அவளுக்குக் கீப்பிங் கற்றுக்கொடுத்தவள். இருபது வருடம் ஸ்டம்புக்குப் பின்னால் குந்தியவள். அவள் விரல்களில் மூன்று இப்போது நேராக நீளாது.

"இதை வேற யாருக்காவது குடுத்துடுங்க அக்கா."

"ஏன்?"

"நம்ம ஷர்மிளாவுக்கு அந்த ஆட்டந்தான் கடைசி வாய்ப்பு. மாநில அணிக்கு ஆள் எடுக்கிறவங்க வந்து உக்காந்திருந்தாங்க. அவ போட்ட சுழற்பந்து எதிரணிக் கேப்டன் பேட்டுல உரசி நேரா என் கைக்கு வந்துச்சு. விட்டுட்டேன். அப்புறம் அந்தக் கேப்டன் ஒருத்தியே அடிச்சு ஜெயிச்சிட்டா. பட்டியல்ல ஷர்மிளா பேரு இல்ல."

முத்தரசி கையுறைகளை நீட்டினாள்.

"கண்ணை மூடினா அந்தப் பந்துதான் விழுது. அதை எப்படிக்கா மறக்கிறது?"

ஜெசிந்தா "மாட்டு" என்றாள்.

முத்தரசி கையுறைகளை மாட்டிக்கொண்டு ஸ்டம்புக்குப் பின்னால் குந்தினாள். பத்தடி தள்ளி நின்று ஜெசிந்தா பந்துகளை எறியத் தொடங்கினாள். ஏழெட்டுப் பந்துகள் சுத்தமாக வந்து கையில் அமர்ந்தன. அடுத்தது விரல் நுனியில் பட்டுக் கீழே விழுந்தது. முத்தரசி குனிந்து அதையே பார்த்தாள். அதற்குள் இன்னொன்று வந்து அவள் தோளில் அறைந்தது.

"அக்கா! நான் பாக்கல."

"அன்னைக்கும் பாக்கல" என்றாள் ஜெசிந்தா. "கேட்சை விட்டியே, அதுக்கு அடுத்து ஷர்மிளா போட்ட பந்துல என்ன நடந்துச்சு?"

முத்தரசி யோசித்துப் பார்த்தாள்.

"ஞாபகம் இல்லக்கா."

"எனக்கு இருக்கு. அந்தக் கேப்டன் இறங்கி வந்து அடிக்கப்போய்ப் பந்தைத் தவறவிட்டா. கோட்டுக்கு ரெண்டடி வெளிய நின்னா. பிடிச்சு ஸ்டம்பைத் தட்டியிருந்தா அவுட். பந்து உன்னை ஒட்டித்தான் போச்சு. நீ கையுறையைப் பாத்துட்டு நின்னே."

முத்தரசி எழுந்து நின்றாள்.

"ஆட்டம் முடிஞ்சதும் ஷர்மிளா கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டேன்."

"எதுக்கு?"

"கேட்சை விட்டதுக்கு."

ஜெசிந்தா தரையில் கிடந்த பந்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

"அதை அவ அப்பவே மன்னிச்சிட்டா. அதனாலதான் உன்னை நம்பி அடுத்த பந்தைப் போட்டா."