சேற்றுக்கைத் தேவாங்கு

நாவல் மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில், ஓடைக்கரையில் நீர்நாய் ஒன்று பள்ளிக்கூடம் நடத்தி வந்தது. குட்டிகள் என்றால் அதற்கு உயிர். ஆனால் அவற்றின் கைகளைப் பார்த்தால்தான் கவலை. சேற்றில் புரளும், மண்ணைக் கிளறும், அதே கையோடு பழத்தை அள்ளி வாயில் போட்டுக்கொள்ளும்.

"கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்" என்று சொல்லிச் சொல்லி நீர்நாய்க்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

ஒருநாள் அதற்கு ஒரு யோசனை தோன்றியது.

"குட்டிகளே, இனி சாப்பாட்டு மணி அடித்ததும் ஒரு விளையாட்டு! எல்லோரும் ஓடைக்கு ஓடுங்கள். கையைக் கழுவிக்கொண்டு இந்தப் பாறைக்குத் திரும்புங்கள். முதலில் வருபவர்தான் அன்றைக்கு ராஜா!"

"கடைசியில் வருபவர், டீச்சர்?" என்று கேட்டது குரங்குக் குட்டி.

"அவர் சேற்றுக்கை!" என்றது நீர்நாய், வேடிக்கையாக. குட்டிகள் விழுந்து விழுந்து சிரித்தன.

அன்று முதல் யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. மணி அடித்தால் போதும், புழுதி பறக்க ஓடின. தாய் விலங்குகள் எல்லாம் பாராட்டின. நீர்நாய்க்குப் பெருமை பிடிபடவில்லை.

தேவாங்குக் குட்டி மட்டும் தினமும் கடைசியாக வந்தது. மெல்ல நடப்பது அதன் இயல்பு. போதாக்குறைக்கு, கரையில் உட்கார்ந்து ஒவ்வொரு விரலாக, நக இடுக்கு வரை தேய்த்துக் கழுவும். குரங்கோ விரல் நுனியைத் தண்ணீரில் காட்டிவிட்டு ஓடிவந்து ராஜாவாகிவிடும்.

"சேற்றுக்கை வருது! சேற்றுக்கை வருது!" என்று குட்டிகள் கத்தும். நீர்நாயும் சேர்ந்து சிரிக்கும். தேவாங்கு தன் சுத்தமான கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்கும்.

ஒருநாள் அது முயலுக்கும் கீரிக்கும் முன்னால் பாறைக்கு வந்து சேர்ந்தது. நீர்நாய்க்கு ஆச்சரியம். குனிந்து பார்த்தது. குட்டியின் கைகளில் ஈரமே இல்லை. பாதி வழியில் புதருக்குள் பதுங்கியிருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறது!

கேட்கத்தான் நினைத்தது நீர்நாய். ஆனால் அந்தக் குட்டி அப்படிச் சிரித்து அது பார்த்ததே இல்லை. 'நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்' என்று எண்ணி, "சபாஷ்!" என்று தட்டிக்கொடுத்தது.

மறுநாளும் சொல்லவில்லை. விளையாட்டு அவ்வளவு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது.

மழைக்காலம் வந்தது. கூடவே வயிற்றுப்போக்கும் வந்தது. குரங்கு விழுந்தது, முயல் விழுந்தது. இரண்டும் எப்படியோ எழுந்துவிட்டன. தேவாங்குக்கு எப்போதுமே ஒட்டிய உடம்பு. அது படுத்த படுக்கையானது.

நீர்நாய் கொய்யா இலைக் கஷாயம் எடுத்துக்கொண்டு ஓடியது.

"கை கழுவாமல் என் பிள்ளை தண்ணீர்கூடக் குடிக்க மாட்டானே, டீச்சர்! இப்போது கழுவாமலே சாப்பிடுகிறான். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?" என்று அழுதது தாய்த் தேவாங்கு.

நீர்நாய் குட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தது. "ஏன் கண்ணு, ஓடைக்குப் போகவில்லை?"

"போனால் கடைசியாகிவிடுகிறேன், டீச்சர்" என்றது குட்டி. மூச்சு வாங்கியது. பிறகு கேட்டது: "நான் நன்றாகக் கழுவிக்கொண்டு வந்தபோதெல்லாம் நீங்களும் ஏன் சிரித்தீர்கள்?"

நீர்நாயால் தலை நிமிர முடியவில்லை.

அன்றோடு அந்த ஓட்டப்பந்தயம் நின்றது. ராஜா இல்லை, சேற்றுக்கை இல்லை. குட்டிகள் ஓடைக்கரையில் வட்டமாக உட்கார்ந்து, ஒரு பாட்டுப் பாடி, ஒன்றின் கையை மற்றொன்று தேய்த்துவிட்டன. எல்லோருடைய கையும் சுத்தமான பிறகுதான் பாட்டு முடியும். குரங்குகூட நக இடுக்கைத் தேய்க்கக் கற்றுக்கொண்டது.

தேவாங்குக் குட்டி மெல்லப் பிழைத்து எழுந்தது. ஆனால் பள்ளிக்கு வரவில்லை. "விளையாட்டு என்றாலே நடுங்குகிறான், டீச்சர்" என்று சொல்லி, தாய் அதை அக்கரைத் தோப்புக்குக் கூட்டிப் போய்விட்டது.

நீர்நாய் தினமும் கரையில் நின்று கூப்பிட்டது: "வா கண்ணு! இப்போது கடைசி என்று யாருமே இல்லை!"

அக்கரையில் இலைகள் அசைந்தன. பதில் மட்டும் வரவில்லை.

நீதி: நல்ல பழக்கத்தை விளையாட்டாகக் கற்றுக்கொடுக்கலாம், ஆனால் அதைச் சரியாகச் செய்யும் குழந்தையை அந்த விளையாட்டு தோற்கடிக்கக் கூடாது.