மூன்று விரல் இடித்த செட்டு

தேர் ஓடுகிற தெருவில் குடியிருந்தால் ஒரு கட்டுப்பாடு உண்டு. கோயிலில் கொடி ஏறிவிட்டால் பத்து நாளைக்கு வாசலில் எந்த வண்டியும் நிற்கக் கூடாது. சுடலைமணியின் சின்ன லோடு வண்டி போன வருஷம் அந்தப் பத்து நாளும் ஊருக்கு வெளியே பொட்டலில் நின்றது. போய் எடுக்கும்போது பேட்டரியும் இல்லை, ஸ்டெப்னி டயரும் இல்லை. அந்த வண்டி ஓடினால்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியும்.

"அடுத்த கொடியேற்றத்துக்கு வண்டி நம்ம வளவுக்குள்ள நிக்கணும்" என்று அவன் மனைவி பூரணம் அன்றைக்கே சொல்லிவிட்டாள். அவள் அதிகம் பேசாதவள். வெளி ஆள் யாராவது இருந்தால் குரலே வராது. ஆனால் மனசில் ஒன்று விழுந்துவிட்டால் விடமாட்டாள். வீட்டை ஒட்டாமல், பக்கத்துக் காலி இடத்தில் வண்டி நிறுத்தத் தனியாக ஒரு தகரச் செட்டு கட்டுவது என்று முடிவாயிற்று.

கொத்தனார் இசக்கிமுத்து வந்தார். தனியாகக் கட்டுகிற செட்டு வீட்டுக் கூரையைவிட உயரமாக இருக்கக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். வீடோ பழைய ஓட்டு வீடு, தாழ்வாரம் தாழ்வு. அதனால் வண்டி நுழைகிற அளவுக்கு மேல் இரண்டு விரல் விட்டு பீம் போடலாம் என்றார். அதற்கு மேல் ஏற்ற வழியில்லை.

பூசை திங்கட்கிழமை காலை. முதல் செங்கல்லை நல்ல நேரத்தில் மனைக்குள் கொண்டுவர வேண்டும் என்று வண்டி நிறையச் செங்கல் ஏற்றி வந்தான் சுடலைமணி. பூசை முடிய ஏழேகால். ஏழரைக்கு ராகுகாலம். அதற்குள் அளவும் எடுத்துவிட வேண்டும். செங்கல்லோடு நின்ற வண்டியை, தரையிலிருந்து கம்பிக் கூண்டின் உச்சிவரை அளந்தார் கொத்தனார். டேப்பின் அடி முனையைப் பிடித்துக்கொண்டு, இடுப்பில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள் பூரணம்.

"வண்டி ஒசரம் இவ்வளவுதானா தம்பி?" என்று கேட்டார்.

"இவ்வளவேதான் அண்ணாச்சி."

பூரணத்துக்குச் சுருக்கென்றது. தினமும் சரக்கு ஏற்ற இறக்கக் கூடப் போகிறவள் அவள். பாரம் இருந்தால் வண்டியின் பின்தட்டு அவள் இடுப்புக்கு நிற்கும். பாரம் இறங்கினால் அரை ஜாண் மேலே போய்விடும்.

"ஏங்க..." என்றாள்.

"நேரம் ஆவுது. பேசாம டேப்பைப் பிடி."

அவள் பேசாமல் டேப்பைப் பிடித்தாள். அப்புறம் சுவர் எழும்பியது, பீமும் போட்டாகிவிட்டது. அத்தனை நாளிலும் அவள் வாய் திறக்கவில்லை. அண்ணாச்சிக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டாள்.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் காலை, வெறும் வண்டியை உள்ளே விட்டான் சுடலைமணி. மூன்று விரல் அளவுக்குக் கூண்டு பீமில் இடித்து நின்றது. வண்டியைப் பின்னுக்கு எடுத்து வெளியே நிறுத்தினான்.

இசக்கிமுத்து ஒரு நிமிஷம் அண்ணாந்து பார்த்தார். யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. சம்மட்டியை எடுத்தார். "நான் போட்ட பீமு. நானே உடைக்கேன்."

"உடைச்சா தகரம் எது மேல நிக்கும்? உம்ம தலை மேலயா?" என்று தடுத்தான் சுடலைமணி. "மிச்சச் செங்கலை ஏத்துவோம். வண்டி தாழும், உள்ள போயிரும். பத்து நாள் பாரத்தோடயே கெடக்கட்டும்."

"ஸ்பிரிங் படுத்துரும்வே. அப்புறம் நீரும் அது பக்கத்துல படுத்துக்கிடும்."

இவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பூரணம் பிள்ளையை வண்டியின் முன்சீட்டில் உட்காரவைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தாள். தரைக்கு இன்னும் சிமெண்டு போடவில்லை, வெறும் மண்தான். சக்கரம் உருளுகிற இரண்டு தடத்தையும், பீமுக்கு வெளியே தள்ளியே சரிவைத் தொடங்கி, ஆறு விரல் ஆழத்துக்குத் தோண்ட ஆரம்பித்தாள்.

"மழை பெஞ்சா குளமாயிரும்ளா" என்றான் சுடலைமணி.

"பின்பக்கம் பள்ளந்தானே. வாய்க்கால் வெட்டிவிடுதேன்." நிமிராமலே சொன்னாள். "அன்னைக்கே எனக்குத் தெரியும். சொல்லல. இப்பத் தோண்டுதேன்."

ஆண்கள் இரண்டு பேரும் மண் அள்ளினார்கள். மண்வெட்டியை மட்டும் அவள் கொடுக்கவில்லை. சாயங்காலம் வெறும் வண்டி இடிக்காமல் உள்ளே போய் நின்றது.

வேலை முடிந்தால் கொத்தனாருக்குத் தட்டில் வைத்து வேட்டி துண்டு கொடுத்து அனுப்புவது முறை. சுடலைமணி தட்டை நீட்டியபோது இசக்கிமுத்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அளவு தப்பினவனுக்கு என்ன மரியாத? வண்டியை உள்ள விட்டது தங்கச்சி. அவளுக்கு ஒரு சேலை எடுத்துக் குடும்."

"நீரு வெறுங்கையோட போனா இந்தச் செட்டு வெளங்குமா? தப்பான அளவைச் சரின்னு சொன்னவன் நான். நீரு வாங்கிக்கிடும்" என்றான் சுடலைமணி.

பூரணம் சொன்னாள்: "எனக்குச் சேலை வேண்டாம்."

தட்டு நடுவில் நிற்கிறது. அளந்தவர் ஒருவர், ஆமாம் என்றவர் ஒருவர், தெரிந்தும் சொல்லாமல் இருந்து பிறகு தோண்டியவள் ஒருத்தி. படிக்கிறவர்களே, இந்த மரியாதை யாருக்குப் போவது சரி?

விடை: கொத்தனாருக்குத்தான். பாரத்தைக் கவனிக்காதது அவர் தப்பு, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் அவர் வாய்விட்டுக் கேட்டார். இடித்தபோது அடுத்தவர் மேல் பழி போடாமல் தன் வேலை மேலேயே சம்மட்டியை ஓங்கினார். சுடலைமணி தெரியாமல் சொன்னான். மூவரில் தெரிந்திருந்தவள் பூரணம் ஒருத்திதான். அவள் தோண்டியது தன் தப்புக்குத் தானே செய்த வேலை, அதற்குப் பரிசு கிடையாது. அவளே தட்டை வாங்கி அவர் கையில் வைத்தாள். அவரும் வாங்கிக்கொண்டு, "கதவுக்கு ஆள அனுப்புதேன், உள்பக்கமாத் தெறக்குற மாதிரி வச்சிரலாம்" என்றார். "வேண்டாம் அண்ணாச்சி" என்றாள் பூரணம், எதிர்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி. "உள்ள தெறந்தா வண்டியில இடிக்கும். வெளிய தெறக்குற மாதிரி வைக்கச் சொல்லுங்க."