மொட்டைப் பல்

"மேஸ்திரி, சூசை என்னை ஏமாத்திட்டானுங்க!"

கத்தியவர் நஞ்சப்பன், வயது அறுபத்தொன்று. மேஸ்திரி ஜமீலாவுக்கு முப்பத்தைந்து. பழைய கார் வேலை பழக அவளிடம்தான் சேர்ந்திருந்தார். ஊர் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

"என்ன ஆச்சுங்க?"

"என் காரோட ஸ்டார்ட்டர் மோட்டாரை மூணு தடவை காயில் சுத்திக் கட்டிக் குடுத்துட்டான். சாவியைத் திருப்பினா இன்னும் அதே கர்ர்ர்!"

"அவர்கிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டேனாவா? அவன் பட்டறை வாசல்லயே, பத்துப் பேர் பார்க்க, திருட்டுப் பயலேன்னேன்."

சூசை அவரோடு ஒரே பெஞ்சில் படித்தவன். அன்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பதினோரு நாளாக நஞ்சப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் வீம்பு விடுமா?

"ஸ்டார்ட் பண்ணுங்க" என்றாள் ஜமீலா.

கர்ர்ர்! பல்லெல்லாம் கூசியது.

"நிறுத்திட்டு மறுபடி."

கர்ர்ர்!

"பாத்தீங்களா!"

ஜமீலா இஞ்சினை நிறுத்தச் சொன்னாள். காரின் முன்னால், இஞ்சினைக் கையால் சுற்றும் கைப்பிடியைச் செருகிக் கால் சுற்று சுற்றினாள்.

"இப்போ ஸ்டார்ட் பண்ணுங்க."

சத்தமே இல்லை. இஞ்சின் சுகமாக ஓடியது.

நஞ்சப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மோட்டாரை நீங்க தொடவே இல்லீங்களே!"

அவள் மோட்டாரைக் கழற்றினாள். அது இருந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்து, "பாருங்க" என்றாள். கைப்பிடியை மெல்லச் சுற்றினாள்.

உள்ளே பல் வைத்த பெரிய வளையம் திரும்பியது. பல் எல்லாம் முழுசாக இருந்தது. ஓரிடத்தில் மட்டும் மொட்டை. அதற்கு நேரெதிரே இன்னொரு மொட்டை.

"நிறுத்துறப்பல்லாம் இஞ்சின் அதே ரெண்டு இடத்துலதான் வந்து நிக்குது. மோட்டார் கடிச்சுச் சுத்துறதும் அதே பல்லைத்தான். தேஞ்சு மொட்டையாயிருச்சு."

"அப்போ மோட்டாரு...?"

"முதல் தடவையே நல்லாத்தான் கட்டியிருக்காருங்க."

நஞ்சப்பன் டார்ச்சை வாங்கித் தானே ஒரு முறை பார்த்தார். ஐயோ, எவ்வளவு பெரிய வார்த்தை சொல்லிவிட்டோம்!

"இதை எப்படிங்க சரி பண்றது?"

"வளையத்தைச் சூடேத்திக் கழட்டி, கொஞ்சம் திருப்பி மாட்டினாப் போதும். நல்ல பல் அந்த இடத்துக்கு வந்துரும்."

"மாட்டிக் குடுங்களேன்."

"எனக்கு அது வராதுங்க. இந்த ஊர்ல சூசை அண்ணன் ஒருத்தருக்குத்தான் வரும்."

நஞ்சப்பன் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"இப்போ அங்கே ஆளுங்க இருப்பாங்க. எல்லாரும் போனப்புறம் போறேன்."

"அன்னைக்கு எத்தனை பேர் இருந்தாங்கன்னீங்க?"

"பத்து."

"போய் வாசல்ல நில்லுங்க. பத்துப் பேர் சேரட்டும்."