எட்டாவது ஆணி

துறைமுக நகரத்துக்கு வடக்கே, உப்பளங்கள் தொடங்கும் இடத்தில் ஒரு குரு இருந்தார். அவருக்கு வயது முப்பத்தாறு. சீடர்களில் பலர் அவரைவிட மூத்தவர்கள். நூல்களில் இது தலைகீழாக இருக்கும். நூல்களை எழுதியவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

அவருடைய கதவில் ஓர் ஆணி இருந்தது. ஒரே ஓர் ஆணி. வருகிறவர் தம் கைத்தடியையோ குடையையோ அதில் மாட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். ஆணியில் ஏதாவது தொங்கினால் அடுத்தவர் வேப்பமரத்தடியில் காத்திருக்க வேண்டும். அரசரே வந்தாலும் இதுதான் விதி. அரசர் வந்ததில்லை, ஆகவே விதி சோதிக்கப்படவில்லை.

ஒரு மாலை பூவாயி வந்தாள். மாட்டுவதற்கு அவளிடம் தடியும் இல்லை, குடையும் இல்லை. இடுப்பிலிருந்த குழந்தையின் ஈரத் துணியை உருவி ஆணியில் மாட்டினாள்.

"சாமி, நான் கோபமா வந்திருக்கேன். கோபத்தை வாசல்ல விட்டுட்டு வான்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"அதை மாட்ட ஆணி இல்லை. உள்ளேயே கொண்டு வாருங்கள்" என்றார் குரு.

உப்பளத்துக்குப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளைப் பகலில் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது பூவாயியின் தொழில். பதினாறு ஆண்டுகளாகச் செய்கிறாள். ஒருத்திக்கு நான்கு குழந்தைகள் என்பது அந்த நாட்டின் பழைய சட்டம். சென்ற மாதம் அது மாறியது. இனி ஒருத்திக்கு எட்டு.

புதிய ஆணை முப்பத்தொரு வரி. அதில் 'நாட்டின் வளம்' ஒன்பது முறை வருகிறது. 'குழந்தை' இரண்டு முறை வருகிறது. அவற்றில் ஒன்று தலைப்பில். பிள்ளை பார்க்கும் வீடுகளை இனி 'மழலை மேன்மை மன்றம்' என்று அழைக்க வேண்டும், வாசலில் பலகை மாட்ட வேண்டும் என்பது கடைசி வரி.

"பலகை மாட்டுறேன் சாமி. ஒண்ணுக்கு ரெண்டா மாட்டுறேன். பலகை பால் கேக்காது, மேலே ஒண்ணுக்குப் போகாது. ஆனா எட்டுப் பிள்ளை?"

"எட்டு என்று எப்படிக் கண்டுபிடித்தார்களாம்?"

"என் வீட்டுக்கு வந்துதான்."

"எப்போது?"

"உச்சி வெயில்ல. அரண்மனை அதிகாரி ஒருத்தரு வந்தாரு. குடை பிடிக்க ஒருத்தன், எழுத ஒருத்தன். அன்னைக்குக் காலையிலேர்ந்து ஒண்ணுக்குப் பல்லு முளைக்குது, பாக்குறதையெல்லாம் கடிக்குது. ஒண்ணுக்கு வயித்தால போகுது. ஒண்ணு அம்மா போன பாதையைப் பாத்துக்கிட்டே கத்துது. ஒவ்வொண்ணா ஆட்டி ஆட்டி, அப்பத்தான் நாலையும் தூங்க வெச்சேன். நாலு தூளியும் அசையாம நிக்குது. நான் கையை மடியில வெச்சு உக்காந்திருக்கேன். அந்த நேரமாப் பாத்து வந்து நிக்கிறாரு மனுஷன்."

"பிறகு?"

"'நான்கு குழந்தைகள், ஒரு பெண். பெண் சும்மா இருக்கிறாள்'னு சொல்றாரு. அவன் எழுதுறான்."

"நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையா?"

"எப்படிச் சொல்றது? வாயைத் தொறந்தா நாலும் முழிச்சிக்குமே! உதட்டுல விரலை வெச்சுக் காட்டினேன். 'மறுப்பு இல்லை'ன்னு அதையும் எழுதிக்கிட்டாரு."

குரு சிரிக்கவில்லை. சிரிப்பு வந்திருக்கலாம்.

"எட்டில் எதற்குப் பயப்படுகிறீர்கள்?" என்று கேட்டார்.

பூவாயி மடியிலிருந்த குழந்தையைத் திருப்பிக் காட்டினாள். பத்து மாதக் குழந்தை. ஐந்து மாதம் என்றுதான் யாரும் சொல்வார்கள். பெயர் பீமன். பெற்றவள் ஆசைப்பட்டு வைத்தது.

"இவனுக்கு உறிஞ்ச வலு இல்லை சாமி. பஞ்சுத் திரியைப் பால்ல நனைச்சு உதட்டுல வெக்கணும். ஒரு வேளைக்கு ரெண்டு நாழிகை ஆகும். பசிச்சாலும் அழமாட்டான். அழுற பிள்ளையைப் பத்தி எனக்குப் பயமே இல்லை. நாலு பேர்ல மூணு பேரு கத்துனா, நாலாமவன் சத்தம் வரலைங்கிறது எனக்குக் கேக்கும். எட்டுல கேக்காது. ஏழு பேரு கத்துவாங்க, நான் ஏழு பேரு பின்னால ஓடுவேன். சாயங்காலம் இவன் அம்மா வந்து நிப்பா. வந்து கேப்பா."

"என்ன கேட்பாள்?"

பூவாயி குழந்தையின் கழுத்தடியில் இருந்த உப்புத் தூசியைத் துடைத்தாள்.

"பௌர்ணமிக்கு மறுநாள் கைரேகை வெக்கணுமாம். எட்டுக்குச் சம்மதம்னு. வெக்கலைன்னா வீட்டைப் பூட்டிடுவாங்க. பூட்டினா இவனை யாரு பாப்பா? வெச்சா இவனை நான் எப்படிப் பாப்பேன்? ரெண்டுல எதைச் செய்யன்னு நீங்க சொல்லுங்க."

"ஆணையை எழுதியவர் யார்?"

"கடம்பராயர். அன்னைக்கு வந்தவரும் அவருதான்."

"அவர் என் சீடர்."

பூவாயி எழுந்துவிட்டாள்.

"அப்ப நான் தப்பான வீட்டுக்கு வந்துட்டேன்."

"வீடு சரிதான். நாள்தான் தவறு. பௌர்ணமியன்று உப்பளம் விடுமுறைதானே? இவனையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்."

"வந்து?"

"உட்கார்ந்திருங்கள்."

"அந்த ஆளு முன்னால உக்காரவா? ஒரு தரம் உக்காந்ததுக்கே இந்தக் கதி!"

"இன்னொரு தரம் உட்காருங்கள்" என்றார் குரு.

அவள் போனபின் குரு படகு கட்டும் தச்சரிடம் சென்று ஒரு சுத்தியலையும் ஏழு ஆணிகளையும் கேட்டார்.

"ஏழு எதுக்கு சாமி?"

"சீர்திருத்தம்" என்றார் குரு.

கடம்பராயருக்கு வயது ஐம்பத்தெட்டு. அரசாணைகளுக்கு வாசகம் எழுதும் தலைமை அதிகாரி. பதினோரு ஆண்டுகளாகப் பௌர்ணமி தவறாமல் குருவிடம் வருகிறவர். குருவும் தானுமாகத் தனியே இருக்கும் அந்த ஒரு பொழுதுக்காகத்தான் மாதத்தின் மற்ற நாட்களைப் பொறுத்துக்கொள்வதாகச் சொல்வார்.

அந்த மாதம் அது அவருக்கு மிகவும் தேவையாக இருந்தது. அவருடைய இடது கண் மங்கிவிட்டது. வலது கண்ணும் போகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எழுத்து தெரியாமல் போன அதிகாரியை அரண்மனை ஒரு வாரம்கூட வைத்துக்கொள்ளாது. அதை அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. குருவிடம் சொல்ல வந்தார்.

கதவில் எட்டு ஆணிகள் இருந்தன. ஏழில் குடை, தடி, தலைப்பாகை என்று ஏதேதோ தொங்கின. ஓர் ஈரத் துணியும் தொங்கியது. எட்டாவதில் கடம்பராயர் தம் தாள்கட்டை மாட்டினார். மறுநாள் பிள்ளை பார்க்கும் பெண்களிடம் கைரேகை வாங்குவதற்கான தாள்கள். பனையோலையில் உள்ளங்கை அடங்காது என்பதால் கப்பலில் வந்த சீனத்துத் தாள்.

உள்ளே ஒரே கூச்சலாக இருந்தது. ஒரு கிணற்றுக்காகச் சண்டையிடும் அண்ணன் தம்பி இருவர். கிளியைத் தொலைத்த தேங்காய் வியாபாரி ஒருவர். மாமியாரை நினைத்து அழும் புது மாப்பிள்ளை ஒருவர். உலகம் உண்டா இல்லையா என்று கேட்க வந்த பண்டிதர் ஒருவர். மௌனத்தைப் பற்றி நூறு செய்யுள் எழுதி, அவற்றை உரக்கப் படித்துக்கொண்டிருந்த கவிஞர் ஒருவர். மூலையில் மடியில் குழந்தையோடு ஒரு பெண்.

"குருவே, இது என்ன?"

"வாருங்கள். எட்டாவது இடம் உங்களுடையது."

"நான் தனியாக ஒன்று…"

"கிணத்துல பாதி என் பங்கு!" என்று தம்பி கத்தினான். குரு அவன் பக்கம் திரும்பினார்.

கடம்பராயர் உட்கார்ந்தார். முதுகை நிமிர்த்தி, கைகளை மடியில் வைத்துக்கொண்டார். குரலை உயர்த்துவது அவர் வழக்கமில்லை. அவருக்காகக் குரல் உயர்த்த இரண்டு சேவகர்கள் இருந்தார்கள். அவர்கள் வேப்பமரத்தடியில் இருந்தார்கள்.

காலை போயிற்று. யார் குரல் உயர்கிறதோ அவர் பக்கம் குரு திரும்பினார். மாப்பிள்ளை அழுதால் மாப்பிள்ளை பக்கம். கிளிக்காரர் விம்மினால் கிளிக்காரர் பக்கம். பண்டிதர் தொடையில் தட்டி வாதிட்டார்; உலகம் உண்டு என்று முடிவாயிற்று; கிணறு யாருடையது என்று முடிவாகவில்லை.

நண்பகலில் கடம்பராயர் தமக்கு இடப்பக்கம் இருந்த தண்ணீர்ச் சொம்புக்குக் கையை நீட்டினார். கை நான்கு விரற்கடை தள்ளித் தரையைத் தொட்டது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு மறுபடி நீட்டினார். மறுபடியும் தரை.

மூலையிலிருந்த பெண் ஒரு கையால் குழந்தையின் உதட்டில் திரியை வைத்தபடியே, நகர்ந்து வந்து சொம்பை அவருடைய வலப்பக்கம் வைத்தாள்.

"ஐயா, இடது கண்ணு எத்தனை நாளாத் தெரியலை?"

கடம்பராயர் அதிர்ந்துபோனார். "யார் சொன்னது?"

"யாரும் சொல்லலை. காலையிலேர்ந்து நீங்க மட்டும்தான் சத்தம் போடலை. அதான் பாத்தேன்."

"வெளியே சொல்லிவிடாதே."

"எனக்கு எதுக்கு? சாமிகிட்ட சொல்லுங்க."

"என் முறை வரட்டும்." அவர் தண்ணீர் குடித்தார். பிறகு, "உன்னை எங்கேயோ பார்த்திருக்கிறேன்" என்றார்.

"ஆமாங்க. நான் சும்மா இருந்தப்ப."

அவள் தன் மூலைக்குத் திரும்பிப் போனாள்.

கதிர் சாய்ந்தது. குரு எழுந்தார். அவரவர் ஆணியிலிருந்து அவரவர் பொருளை எடுத்துக்கொண்டு போனார்கள். மௌனக் கவிஞர் இன்னும் பதினேழு செய்யுள் மீதமிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனார். கூடத்தில் கடம்பராயரும் பூவாயியும் மட்டும் இருந்தார்கள்.

"குருவே, இது அநியாயம்!"

"எது?"

"காலையிலிருந்து இருக்கிறேன். ஒரு முறையாவது என் முகத்தைப் பார்த்தீர்களா? கிளியைத் தொலைத்தவனோடு மூன்று நாழிகை பேசினீர்கள். கிளி! நான் எதைத் தொலைத்துக்கொண்டிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அந்த அம்மாவுக்குத் தெரியும் போலிருக்கிறது."

"அவளுக்குத் தெரிகிறது, உங்களுக்குத் தெரியவில்லை! பதினோரு ஆண்டுகள் இந்தக் கதவில் ஓர் ஆணிதானே இருந்தது? அது போதாதென்று யார் சொன்னார்கள்? எட்டுப் பேரை ஒரு கூடத்தில் அடைத்துவிட்டு ஒருவர் எப்படி ஒவ்வொருவரையும் கேட்க முடியும்? இந்தக் கணக்கை எந்த மூடன் போட்டுக்கொடுத்தான்?"

குரு கதவின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

கடம்பராயரின் குரல் அன்று முதல் முறையாகச் சுவரில் மோதித் திரும்பியது. அவர் மேலும் சொல்ல வாயெடுத்தபோது பூவாயியைப் பார்த்தார். அவள் உதட்டில் விரலை வைத்திருந்தாள். மடியில் பீமன் தூங்கிப்போயிருந்தான். அவள் மற்றொரு கையின் விரலை அவன் மூக்கின் கீழே வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடம்பராயர் சற்று நேரம் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஓசைப்படாமல் கதவருகே சென்றார். எட்டாவது ஆணியில் தொங்கிய தாள்கட்டின்மேல் கையை வைத்தார். திரும்பினார். இப்போது அவர் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"எல்லாரையும் கேட்டீர்கள். நான் மட்டும் ஏன் விடுபட்டேன்?"

"நீங்கள் அழவில்லையே" என்றார் குரு.

கடம்பராயரின் கை தாள்கட்டின்மேல் இருந்தது. தாள்கட்டை ஆணியிலிருந்து அவர் எடுக்கவில்லை.