இரவல் சேலையின் சாட்சி

முன்னொரு காலத்தில், உச்சிவெயில் ஏறினால் பொருள்கள் பேசத் தொடங்கும் கோர்ட் ஒன்று இருந்தது. மின்விசிறி தாலாட்டுவதுபோல் சுற்றும். ஜன்னல் வெளிச்சத்தில் தூசி மிதக்கும். அரைத் தூக்கத்தில் இருக்கும் மனிதர்கள் யாரும் அதை அதிசயமாக நினைப்பதில்லை.

அந்த வாசலில், கட்டணம் கட்டி வாங்கி ஒட்டும் கோர்ட் ஸ்டாம்பு வைத்ததுதான் சட்டம். அது ஒட்டாத மனு உள்ளே போக முடியாது. ஒருநாள் மாடத்தியின் மனு வெறும் மேனியோடு வந்து நின்றது. மாடத்தி புருஷனை இழந்தவள். அவள் குடியிருந்த வீட்டைக் கொழுந்தன் பூட்டிக்கொண்டான். இன்று மனு உள்ளே போகாவிட்டால் வீட்டை விற்றே விடுவான்.

“நான் இல்லாமலா?” என்றது ஸ்டாம்பு.

“வக்கில்லாத ஏழைக்குக் கட்டணம் கிடையாதாமே” என்றது மனு.

“ஏழையா? அவள் கட்டியிருக்கும் பட்டைப் பார்!”

எல்லோரும் பார்த்தார்கள். ஊதாப் பட்டுக்குள் மாடத்தி கூசி நின்றாள்.

பட்டுக்குப் பொறுக்கவில்லை. “ஐயா, நான் பக்கத்து வீட்டு ரஞ்சிதத்தோட கல்யாணச் சேலை. கோர்ட்டுக்குப் போறவ கிழிசலோட போனா மரியாதையா இருக்காதுன்னு அவதான் என்னைக் கட்டிவிட்டா.”

இரவல் சேலையை நம்பி இடுப்புச் சேலையை எறிகிறவள் இல்லை மாடத்தி. அவளுடைய துணிப்பை வாயைத் திறந்து, மடித்து வைத்த கிழிசலைக் காட்டியது.

நீதிபதி கண்ணைக் கசக்கிக்கொண்டார். “அப்போ உனக்குன்னு என்னம்மா இருக்கு?”

“அந்த வீடுதான்யா.”

“மாட்டிக்கொண்டாள்!” ஸ்டாம்பு துள்ளியது. “வீட்டுக்காரி ஏழையா?”

மேசையில் உறங்கிய சட்டப் புத்தகம் கொட்டாவி விட்டது. “எதைக் கேட்டு வழக்குப் போட வந்தாளோ, அதையே அவள் சொத்தாக எண்ணக் கூடாது. எனக்குள்ளேதான் இருக்கிறது. யாராவது திறந்தால்தானே!”

நீதிபதி திறந்து பார்த்தார். மனுவை வெறும் மேனியாகவே ஏற்றுக்கொண்டு, வீட்டை விற்கத் தடையும் போட்டார். ஸ்டாம்பு வாசலிலேயே பசை காய்ந்து கிடந்தது.

திரும்பும் வழியில் சேலை விசும்பியது. “சபை நடுவுல உன் மானத்தை வாங்கிட்டேனே, அக்கா.”

மாடத்தி முந்தானையைத் தடவிக் கொடுத்தாள்.

“சேலையை எண்ணினாங்க, வீட்டை எண்ணினாங்க. மானத்தை யாரும் எண்ணலையே, தாயி. அது எங்கிட்டதான் இருக்கு.”