வெள்ளைத் துணி போட்ட நாற்காலி

சபைச் செயலர் செல்வின்துரைக்குத் தான் வாயைத் திறந்தால் ஊரே திரளும் என்று நினைப்பு. வாட்ஸ்அப்பில் ஆயிரம் பேருக்கு அழைப்பு அனுப்பினார், முச்சந்தியில் பேனர் வைத்தார். ஞாயிறு ஆராதனைக்கு வந்ததோ முப்பது பேர். பழியைத் தூக்கி வேதக்கோயில் பெருக்கும் கிருபாவதி தலையில் போட்டார்.

"கோயில் களையா இருந்தாத்தானே சனம் வரும்? அடுத்த ஞாயிறு கோயில் நிறையலன்னா உனக்கு வேலை இல்ல."

"சரிங்கய்யா" என்றாள் அவள்.

திங்கட்கிழமை வந்து பார்த்தால், பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. மேலே வெள்ளைத் துணி, சுற்றி மல்லிகைச் சரம்.

"யாருக்கு இது?"

"அதை மட்டும் கேக்காதீங்கய்யா."

அவருக்கு மண்டையைக் குடைந்தது. பிஷப் வருகிறாரோ? மந்திரியோ? பேராய அலுவலகத்துக்குப் போன் போட்டார். அவர்கள் அவரையே திருப்பிக் கேட்டார்கள். டீக்கடையில் விசாரித்தார், சலூனில் விசாரித்தார், மீன் சந்தையையும் விடவில்லை. சனிக்கிழமைக்குள் ஊரே அவரைப் பிடித்து, "யாருய்யா வர்றாங்க?" என்று கேட்டது.

ஞாயிறன்று கோயிலில் எள் போட்டால் எள் விழாது. செயலர் தன் நாற்காலியைத் தேடினார், அதைக் காணோம்.

"இப்பவாவது சொல்லு, யாரு வர்றா?"

கிருபாவதி துணியை உருவினாள். முதுகில் 'செல்வின்துரை' என்று பெயின்ட் அடித்த அவருடைய நாற்காலிதான்.

"நான் யார்கிட்டயும் மூச்சு விடலய்யா. ஊரெல்லாம் விசாரிச்சு இத்தனை சனத்தைக் கூட்டிட்டு வந்தது நீங்கதான். உக்காருங்க."

உட்கார்ந்தார். அவள் மெச்சினாளா, வாரினாளா என்று ஆசீர்வாதம் முடியும்வரை அவருக்குப் பிடிபடவில்லை.