களைத்த பசு வைத்த பெயர்

மாடுகள் மனிதரிடம் நேருக்கு நேர் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், இத்தாலியின் வடக்கு மலைகளில் மொரேத்தா என்றொரு கறுப்புப் பசு இருந்தது. கோடை முழுக்க மலைமேல் மேய்ந்த மந்தை, குளிர் தொடங்குமுன் சமவெளிக்கு இறங்கும். பத்து நாள் நடை. மொரேத்தாவுக்கு வயதாகிவிட்டது, எப்போதும் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தது.

மூன்றாம் நாள் மாலை, மந்தைக்காரர் பத்திஸ்தா அதன் பால் வாளியை எட்டிப் பார்த்தார். பாதிகூட இல்லை.

"சந்தைக்குப் போனதும் இதைக் கசாப்புக்காரர்கிட்ட தள்ளிவிட வேண்டியதுதான்" என்றார். பசுவின் காதுபடவே சொன்னார். மனிதருக்கு அவ்வளவுதான் இங்கிதம்.

பால் கறக்கும் ஒர்சோலா பசுவின் கழுத்தைத் தடவினாள். "நீ கவலைப்படாதே" என்றாள்.

"கவலைப்படக்கூடத் தெம்பு இல்லை, ஒர்சோலா" என்றது மொரேத்தா. "பால் கொஞ்சம்தான். ஆனா கெட்டியா இருக்கும். வீணாக்கிடாதே."

ஒர்சோலாவுக்கும் கால் கடுத்தது. சீஸ் செய்ய, முறைப்படி பாலை ஆறவிட்டு, ஏடெடுத்து, விறகு பொறுக்கிச் சூடாக்கி, உறைந்ததைக் கல் ஏற்றி இறுக்க வேண்டும். அவள் அதில் ஒன்றையும் செய்யவில்லை. மடிச்சூடு ஆறுவதற்குள் பாலில் உறை ஊற்றினாள். உறைந்ததைத் துணியில் கட்டி, மரச்சட்டத்தில் வைத்து மூடிவிட்டுப் படுத்தாள்.

மறுநாள் பத்திஸ்தா அதை விரலால் அழுத்திப் பார்த்துச் சிரித்தார். "களைச்ச மாட்டுப் பால், களைச்ச கை. சீஸும் களைச்சுப் படுத்திருக்கு."

ஏழு நாள் கழித்துச் சந்தையில் கசாப்புக்காரர் கயிற்றோடு வந்து நின்றார். ஒர்சோலா அந்தச் சீஸை ரொட்டியில் தடவி அவர் கையில் கொடுத்தாள். வாயில் வைத்ததும் கரைந்தது. அவர் இன்னொரு துண்டு கேட்டார். பிறகு இன்னொன்று. கூட்டம் கூடிவிட்டது, துணியில் ஒட்டியிருந்ததைக்கூட வழித்துத் தின்றார்கள்.

"இந்தப் பசுவையா வெட்டச் சொல்றீங்க?" என்றார் கசாப்புக்காரர், கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டே. "நான் மாட்டேன். அடுத்த வருஷமும் எனக்கு இதே சீஸ் வேணும்."

ஒர்சோலாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. பத்திஸ்தாவுக்கோ தலைகால் புரியவில்லை. "இதுக்கு எங்க குடும்பப் பேரையே வெச்சுடலாம்" என்றார்.

மொரேத்தா கூட்டத்தின் நடுவே தலையை நிமிர்த்தியது.

"வேண்டாங்க. என்னைக் கேலி செஞ்சீங்களே, அந்தப் பேரையே வையுங்க. களைச்சதுன்னு. ஊரே அதைச் சொல்லிக் கேட்டு வாங்கட்டும்."

அந்தச் சந்தை நாளிலிருந்துதான் அந்தச் சீஸுக்கு ஸ்த்ராக்கினோ என்று பெயர். அம்மலைக்காரர் பேச்சில் 'ஸ்த்ராக்' என்றால் களைத்தது. இன்றும் தட்டில் வைத்தால் அது நிமிர்ந்து நிற்காது, சாய்ந்துதான் உட்காரும். யாரும் அதை எழுந்து நிற்கச் சொல்வதில்லை.